ஐந்தாவது வருடம் மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டு மலரில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) சாதனைகளைப் பற்றி வந்த பெட்டிச் செய்தியைப் படித்தேன். கிரிக்கெட்டும் கால்பந்தும் போக மிச்சமிருக்கிற மூலையில் இந்த ஆட்டத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினீர்களே, அதற்கு முதலில் ஒரு சபாஷ். ஆனால் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஜோஸ்லின் அலோ அடித்த 122 ஹோம் ரன்களை (பந்தை வேலி தாண்டி அடிப்பது) போட்டுவிட்டு, பக்கத்திலேயே "கொரோனாவால் ஐந்தாவது வருடம் ஆடக் கிடைத்ததால் இந்தச் சாதனை" என்று ஒரு வால் சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள் (வழக்கமாக நான்கு வருடம்தான் ஆடலாம்), அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் இருப்பது ஓக்லஹோமா சிட்டிக்குப் பக்கத்தில்தான், இந்த ஊர்க்காரன் என்ற பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கணக்கைப் பாருங்கள்.

அலோ ஆடியது 2018 முதல் 2022 வரை. வருடவாரியாகப் பார்த்தால் 30, 16, 8, 34, 34. கூட்டினால் 122. நடுவில் துருத்திக்கொண்டிருக்கிற அந்த 8 தான் 2020. அந்த வருடம் மார்ச் மாதம் கொரோனா வந்து எல்லாக் கல்லூரி ஆட்டங்களையும் நிறுத்திவிட்டார்கள், ஓக்லஹோமா அணி மொத்தமே 24 ஆட்டங்கள்தான் ஆடியிருந்தது, அதில் 20 வெற்றி. முழு சீசன் என்றால் சுமார் 60 ஆட்டம் வரும். 24 ஆட்டத்துக்கு 8 என்ற வேகத்திலேயே போயிருந்தால்கூட 60 ஆட்டத்துக்கு 20 வரும், அதாவது அவருக்குக் கிடைக்காமல் போனது ஒரு 12. 2021 முடிவில், அதாவது நான்கு சீசன் முடிந்தபோது, அவர் கையில் 88 இருந்தது. அந்த 12ஐச் சேர்த்தால் நூறு. அவருக்கு முன் சாதனை யாரிடம் இருந்தது? இதே ஓக்லஹோமாவில் 2012 முதல் 2015 வரை ஆடிய லாரன் சேம்பர்லினிடம், 95. ஆக நான்கு முழு சீசன் கிடைத்திருந்தாலே அலோ முந்தியிருப்பார் என்பது என் கணக்கு. அப்படி நடந்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, அனுமானம்தான். ஆனால் ஐந்தாவது வருடத்தைக் காரணமாகக் காட்டுகிறவர் பறிபோன மூன்றாவது வருடத்தையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? ஒரு கையால் கொடுத்ததை எழுதிவிட்டு மறு கையால் எடுத்ததை விட்டுவிட்டால் எப்படி?

122 என்ற முழு எண்ணுக்கு அந்தக் கூடுதல் வருடம் காரணம்தான், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் முந்தியது வேறு, எவ்வளவு தூரம் முந்தினார் என்பது வேறு. 2022 பிப்ரவரியிலேயே 95ஐத் தொட்டுவிட்டார். அதன் பிறகு சில வாரங்கள் அந்த 96வது வரவே இல்லை. எதிரணி பிட்சர்களுக்கு, அதாவது பந்து வீசுகிறவர்களுக்கு, இவர் பெயரோடு சேர்ந்து சாதனைப் புத்தகத்தில் ஏற விருப்பமில்லை போல, பந்தை எட்டாத தூரத்தில் போட்டு "போம்மா" என்று முதல் பேஸுக்கு, அதாவது ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நிலைகளில் முதலாவதற்கு, நடக்க விட்டார்கள். இதற்குப் பெயர்தான் வாக். கடைசியில் மார்ச் 11 அன்று ஹோனலூலுவில், ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அடித்தார். அலோ பிறந்து வளர்ந்தது அதே ஓவாஹூ தீவில் ஹவுலா என்ற சின்ன ஊர், சொந்தக்காரர்கள் முன்னால் நடந்தது. இதற்கு முன் 90 அடித்தவர் யூ.சி.எல்.ஏ.வின் ஸ்டேசி நுவ்மன், 92 அடித்தவர் அரிசோனாவின் கட்டியானா மௌகா. 90, 92, 95 என்று இரண்டும் மூன்றுமாக ஏறிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் ஒரே தாவலில் 122க்குப் போனார் என்பதுதான் செய்தி, அதைத்தான் உங்கள் பெட்டி தவறவிட்டது.

ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி என்று விளக்கியிருந்தீர்கள். பாதி சரி. சிக்ஸர் அடிக்கிற ஆள் களத்தில் நின்றால் ஒரே ஆட்டத்தில் பத்துகூட அடிக்கலாம். இங்கே அப்படி இல்லை. ஒரு ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ், ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஒன்பது பேர் வரிசையாக வர வேண்டும், ஆக ஒருவருக்கு மூன்று முறை, மிஞ்சிப்போனால் நான்கு முறை மட்டை பிடிக்கக் கிடைக்கும். அதிலும் பல நேரம் வேண்டுமென்றே வாக் கொடுத்து அனுப்புகிறார்கள். இந்த நிலையில் ஒரு சீசனில் 34 என்றால் இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல்.

இன்னொரு விஷயம், இதை இங்கே இருக்கிறவர்களே பெரிதாகப் பேசுவதில்லை. கல்லூரி சாஃப்ட்பாலில் ரன் ரூல் என்று ஒன்று உண்டு. ஐந்து இன்னிங்ஸ் ஆன பிறகு ஒரு அணி எட்டு ரன் முன்னிலையில் இருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். சொந்த மைதானத்தில் ஆடும் அணி இரண்டாவதாகத்தான் பேட் செய்யும், ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடியும்போதே எட்டு ரன் முன்னால் இருந்தால் அவர்களுக்குக் கிடைத்தது நான்கே இன்னிங்ஸ், பன்னிரண்டே அவுட். ஓக்லஹோமா மாதிரி எதிரணியைத் துவைத்து எடுக்கிற அணிக்கு இப்படி எத்தனையோ ஆட்டங்கள் பாதியில் முடிந்திருக்கின்றன. ஆக அணி எவ்வளவுக்கெவ்வளவு பலமோ அவ்வளவுக்கவ்வளவு அதன் பேட்டர்களுக்கு வாய்ப்பு குறையும்! சுமாரான அணியில் ஆடுகிற நல்ல பேட்டருக்கு நான்காவது முறை மட்டை பிடிக்கக் கிடைக்கும், அலோவுக்கும் அவருக்கு முன் சேம்பர்லினுக்கும் பல நாள் அது கிடைத்திருக்காது. 2021ல் அந்த அணி 60 ஆட்டங்களில் 161 ஹோம் ரன் அடித்து, ஹவாய் அணி 2010ல் வைத்திருந்த 158ஐ முந்தியது என்பதையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஓக்லஹோமா அணியின் அந்த 53, 71 குழப்பம். ஒரு வரியில் "தொடர்ச்சியாக 53 வெற்றி" என்றும், கீழே படத்தின் அடியில் "71 வெற்றி" என்றும் போட்டிருந்தீர்கள். இரண்டும் சரி, இரண்டும் ஒரே தொடர்தான். 2023 பிப்ரவரி 19 அன்று பேலர் பல்கலைக்கழக அணியிடம் 4-3 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு அந்த சீசன் முடியும்வரை தோல்வியே கிடையாது, 61 வெற்றி 1 தோல்வி என்று முடித்தார்கள், அப்போது தொடர் 53ல் நின்றது. அடுத்த சீசனிலும் அது நீண்டு, 71 ஆன பிறகு, 2024 மார்ச் 3 அன்று லூசியானா பல்கலைக்கழகம் வந்து, ஏழில் சமமாகி நீண்ட எட்டு இன்னிங்ஸில் 7-5 என்று முடித்து வைத்தது. அதுவும் எங்கே? லவ்ஸ் ஃபீல்டு என்று புதிதாகக் கட்டித் திறந்த சொந்த மைதானத்தில், திறந்த அதே வார இறுதியில். புதுமனை புகுவிழாவுக்கு வந்த விருந்தாளி குத்துவிளக்கை அணைத்துவிட்டுப் போன மாதிரி.

பழைய சாதனை அரிசோனாவின் 47. அது 1996லிருந்து 1997க்கு நீண்ட தொடர், ஒரே சீசனில் வந்ததல்ல. ஓக்லஹோமாவின் 53 முழுக்க ஒரே சீசனில் வந்தது. எனவே அந்த 47ஐ 71 உடன்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், 53 தனி வகை.

47ஐத் தாண்டிய அந்த 48வது ஆட்டத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே என்பது எனக்குப் பெரிய மனக்குறை. 2023 மே மாதக் கடைசி, ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கிற நார்மனில், கிளெம்சன் அணியோடு சூப்பர் ரீஜினல் (உலகத் தொடருக்கு முந்தைய சுற்று) இரண்டாவது ஆட்டம். ஏழாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், ஓக்லஹோமா 7-4 என்று பின்னால். இரண்டு அவுட் ஆகிவிட்டது. இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். கேட்சர் கின்சி ஹான்சன் வந்து மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 7-7 ஆக்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் டியாரே ஜென்னிங்ஸ் இன்னொன்று அடித்து 8-7. புள்ளிவிவரப் பக்கத்தில் இந்த ஆட்டம் "வெ 8-7 (9)", அதாவது ஒன்பது இன்னிங்ஸில் வெற்றி, என்று ஒரே வரி, பேலரிடம் தோற்றதும் ஒரே வரி. அந்த ஒரு பந்து வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்து யாராவது பிடித்திருந்தால் 53ம் இல்லை, 71ம் இல்லை, அரிசோனாவோடு சமம் என்ற வரிதான் மிச்சம்.

இனி பிட்சர்கள். டென்னஸியின் மோனிகா ஆபட் 2004 முதல் 2007 வரை 2,440 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது), 189 வெற்றி என்று போட்டிருந்தீர்கள், சரியான எண்கள். ஆனால் "இன்றைய பிட்சர்கள் யாரும் நெருங்கவில்லை" என்று அடுத்த வரியில் எழுதியது இன்றைய பிட்சர்களுக்குச் செய்த அநியாயம். ஆபட் காலத்தில் அணிக்கு ஒரு பெரிய பிட்சர், முக்கியமான ஆட்டம் எல்லாம் அவர் தோளில். 2007ல் அவர் ஒருவரே 50 ஆட்டம் ஜெயித்து, 724 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். அதே வருடம் இறுதிப் போட்டியில் டென்னஸியைத் தோற்கடித்த அரிசோனாவுக்கு டாரின் மோவாட் உலகத் தொடரின் அத்தனை இன்னிங்ஸையும் தனியாளாக வீசினார். இன்று எந்தக் கோச்சும் சீசன் முழுக்க அப்படிச் செய்ய யோசிப்பார், மூன்று நான்கு பிட்சர்களை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரே பேட்டரை மூன்றாவது தடவை சந்திக்கும்போது அவளுக்குப் பந்தின் போக்கு பிடிபட்டுவிடும் என்பது ஒரு காரணம், கை தேய்ந்துபோவது இன்னொன்று. அதனால் மொத்த எண்ணிக்கையில் பழையவர்களை இனி யாரும் எட்டுவது கஷ்டம், அதற்காக இன்றைய பிட்சர் மட்டமானவர் என்று ஆகாது. ஏழு இன்னிங்ஸுக்கு எத்தனை என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும். அப்படிப் பார்க்கும்போது ஆபட்டுக்கு முன்னால் டெக்சஸின் கேட் ஆஸ்டர்மன் வருகிறார், ஏழு இன்னிங்ஸுக்கு 14க்கு மேல். ஏழு இன்னிங்ஸில் மொத்த அவுட்டே 21 தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பின்னால் போனால் ஆட்டமே வேறு. 1980களின் பிற்பகுதி வரை பிட்சர் நிற்கிற இடம் 40 அடி தூரம், அதற்குப் பிறகு 43 அடி. மூன்றடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும், கையைச் சுழற்றி அந்த வேகத்தில் வருகிற பந்துக்கு எதிரே நிற்கிறவளுக்குத்தான் தெரியும். 1993ல் வெள்ளைப் பந்து போய் மஞ்சள் பந்து வந்தது, தையல் எழும்பி நிற்கிற பந்து, கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது. அதற்கடுத்து ஹோம் ரன் ஏறத் தொடங்கியது, 1995ல் அரிசோனாவின் லாரா எஸ்பினோசா ஒரே சீசனில் 37 அடித்தார். அந்த 1993லேயே யூ.சி.எல்.ஏ.வின் லிசா ஃபெர்னாண்டஸ் என்ன செய்தார் தெரியுமா? பேட்டிங் சராசரி .510, நாட்டிலேயே முதலிடம். பிட்சராக ஏழு இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி 0.25, அதிலும் நாட்டிலேயே முதலிடம். என்னைக் கேட்டால் சாதனைப் புத்தகத்தின் மிகப் பெரிய வரி 122ம் இல்லை 2,440ம் இல்லை, இதுதான். உங்கள் பெட்டியில் அவர் பெயரே இல்லை!

கடைசியாக, மிக முக்கியமாக, "1982ல் தொடங்கிய கல்லூரி சாஃப்ட்பால் உலகத் தொடர்" என்ற வரி. இது தவறு. 1982ல் தொடங்கியது கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தொடர். அந்த அமைப்பு அதுவரை பெண்கள் ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் கல்லூரி உலகத் தொடர் 1969லேயே நெப்ராஸ்காவின் ஓமஹாவில் தொடங்கிவிட்டது. பள்ளி, கல்லூரிகளில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்று சொன்ன டைட்டில் நைன் சட்டம் வந்ததே 1972ல், அதற்கு மூன்று வருடம் முன்பே இந்தப் பெண்கள் கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் மூன்று வருடமும், 1969, 1970, 1971, ஜெயித்தது யார் என்று இங்கே தெருவில் கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதே நெப்ராஸ்காவில் வாஹூ என்ற சிற்றூரில் இருந்த ஜான் எஃப். கென்னடி காலேஜ். அந்தக் கல்லூரியே 1975ல் மூடப்பட்டுவிட்டது. ஓக்லஹோமாவின் புள்ளிவிவரங்களை எடுத்துத் துடைத்து, வருடா வருடம் புதுப்பித்து வெளியிட அலுவலகமும் ஆட்களும் இருக்கிறார்கள். வாஹூவின் புள்ளிவிவரத்தை வெளியிட யார் இருக்கிறார்கள், கல்லூரியே இல்லையே. 2021 முதல் 2024 வரை ஓக்லஹோமா தொடர்ந்து நான்கு பட்டம் வென்றது யாரும் செய்யாத சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் தொடர்ந்து மூன்று பட்டம் வென்றவர்கள் பட்டியல் போடும்போது 1988, 1989, 1990 என்று யூ.சி.எல்.ஏ.விலிருந்து தொடங்கினீர்கள், வாஹூ எங்கே போனது?

1982ல் நடந்தது இன்னும் வேடிக்கை. பெண்கள் கல்லூரி விளையாட்டுகளை நடத்திவந்த பழைய அமைப்பான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தன் கடைசித் தொடரை நடத்தியது, டெக்சஸ் ஏ அண்டு எம் ஜெயித்தது. என்.சி.ஏ.ஏ. தன் முதல் தொடரை நடத்தியது, யூ.சி.எல்.ஏ. ஜெயித்தது. ஒரே வருடம் இரண்டு சாம்பியன். உங்கள் பட்டியலில் ஒன்றுதான்.

யூ.சி.எல்.ஏ.வுக்கு எத்தனை பட்டம் என்பதில் உங்கள் நிருபர் 12 என்று எழுதியிருக்கிறார், என்.சி.ஏ.ஏ. கணக்குப்படி சரி. 1978ல் பழைய அமைப்பின் கீழ் வென்றதையும் சேர்த்தால் 13. களத்தில் ஜெயித்ததை எல்லாம் எண்ணினால் 14. அந்தப் பதினான்காவது 1995. ஆஸ்திரேலியாவிலிருந்து டான்யா ஹார்டிங் என்ற பிட்சரை சீசன் நடுவில் கொண்டுவந்து சேர்த்தார்கள், அவர் வந்து வீசி, இறுதியில் அரிசோனாவை 4-2 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஊரெல்லாம் முணுமுணுத்தது அவர் வந்துபோன விதத்தைப் பற்றி. ஆனால் பட்டம் பறிபோனது வேறு காரணத்துக்கு, அனுமதித்த அளவுக்கு மேல் சாஃப்ட்பால் பெண்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு தெரியவந்து அந்தப் பட்டத்தை ரத்து செய்தது என்.சி.ஏ.ஏ. தோற்ற அரிசோனாவுக்கும் அதைக் கொடுக்கவில்லை. அதனால் 1995க்குச் சாம்பியனே கிடையாது, அந்த வருடம் இறுதி ஆட்டம் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே ஹார்டிங் அடுத்த வருடம் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்காக வீசி, பத்து இன்னிங்ஸ் வரை நீண்ட ஆட்டத்தில் அமெரிக்காவை 2-1 என்று தோற்கடித்தார். அதே ஆட்டத்தில் அமெரிக்காவின் டேனி டைலர் ஹோம் ரன் அடித்துவிட்டு, மகிழ்ச்சியில் ஹோம் பிளேட்டை (ரன் கணக்காக மிதிக்க வேண்டிய கடைசித் தட்டு) மிதிக்காமல் தாண்டிப் போனதால் அது அவுட் ஆனது. பந்து வேலியைத் தாண்டியதை எல்லாரும் பார்த்தார்கள், ஸ்கோர் ஷீட்டில் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணைப் போடும்போது பக்கத்தில் எத்தனை சீசன், எத்தனை ஆட்டம் என்று அடைப்புக்குள் போடுங்கள், அலோவுக்கு 2020 பாதியில் நின்றது என்று நாலு வார்த்தை போதும். பிட்சர்களுக்கு மொத்தத்தோடு ஏழு இன்னிங்ஸ் சராசரியையும் போடுங்கள். திருத்தம் வெளியிட ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் அலோவை விட்டுவிடுங்கள், அவர் சாதனை அவரைப் பார்த்துக்கொள்ளும். 1982 என்பதை 1969 என்று மாற்றி, வாஹூ என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
எட்மண்ட், ஓக்லஹோமா